பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நடத்துநராக அமர்வது: எங்கிருந்து தொடங்கலாம்?

வெண்பகடை, ஸ்காபரோ

வணக்கம். 2004 முதல் 2012 வரை எங்கள் வீட்டுப் பேஸ்மண்டில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் ஒன்றை நடத்தி வந்தேன். நடத்துநர் கதையை விவரிக்க, ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம் அது. நாங்கள் ஆடியது அதன் விதிகளின் 3.5 பதிப்பு. ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். இரு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுடன் தொடங்கினால் நள்ளிரவு தாண்டித்தான் எழுவோம். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைப்போம் என்று சொன்னேன். பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன.

சென்ற மாதம் வீடு மாறியபோது பழைய கோப்பு கைக்கு வந்தது. எழுதி அழித்து, எழுதி அழித்து, எஞ்சிய உயிரின் அளவைக் குறிக்கும் உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் மட்டும் தாள் வெங்காயத் தோல்போல் மெலிந்துபோன ஐந்து கதாபாத்திரத் தாள்களும் அதில் அப்படியே இருந்தன. என் குறிப்பேட்டின் கடைசி வரி, "கதவின் முன் நிற்கிறார்கள், திறப்பது அடுத்த முறை" என்று முடிகிறது. நீருக்குள் மூழ்கிய கோயில் ஒன்றின் கதவு அது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அதைக் கண்டிருக்க வேண்டியவர்கள் காணவில்லை என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக மனத்தை அரிக்கிறது.

பழைய நண்பர்களிடம் பேசினேன். மூவர் வரச் சம்மதித்தார்கள். அவர்களுள் ஒருவர் மருத்துவமனையில் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்பவர். இன்னொருவர் இப்போது ஒட்டாவாவில் இருக்கிறார். புதிதாக இருவர் சேர்கிறார்கள்: என் மருமகள் (அண்ணாவின் பதினேழு வயது மகள்), தோழி ஒருத்தியின் கணவர். அவர் இத்தகைய ஆட்டம் எதையும் இதற்கு முன் ஆடியதில்லை.

எந்தப் பதிப்பில் தொடங்குவது? பழைய கதையைத் தொடர்வதா, புதிய கதை தொடங்குவதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து பேருடைய நாட்களையும் ஒன்றுசேர்ப்பது எப்படி? முன்பெல்லாம் ஓர் அமர்வுக்கு இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்து அமர்வேன். இப்போது வாரத்தில் இரண்டு மணிநேரம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.


கடலோர வரைபடம், சென்னை

அக்கா, வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் விடை காண வேண்டும் என்பேன். நான் அறிந்தவரை ஆட்டக் குழுக்கள் கதை தீர்ந்து நின்றதைவிட நாள் கூடாமல் நின்றதே மிகுதி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐவரில் ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு முறை வரக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இது நல்ல வருகைதான். அப்படியிருந்தும் ஐவரும் ஒருசேர இருக்கும் நாட்கள் நூற்றுக்கு 33 மட்டுமே. எல்லாரும் வந்தால்தான் ஆட்டம் என்று வைத்தால் மூன்றில் இரண்டு சனிக்கிழமைகள் கைவிட்டுப் போகும். இரண்டு முறை தள்ளிப்போட்ட பிறகு மூன்றாம் முறை யாரும் அந்த நாளை ஒதுக்கி வைக்கமாட்டார்கள். அதே ஐவரில் மூவர் இருந்தால் போதும் என்று வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 94 நாட்களில் ஆட்டம் நடக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் எல்லாரையும் கேட்டு நாள் தேடாதீர்கள். இரவுப் பணி செய்யும் நண்பரின் பணி அட்டவணையை முதலில் கேட்டு வாங்கி, அதற்கு ஒத்துவரும் நாட்களை இரண்டு மாதங்களுக்குச் சேர்த்துக் குறித்துவிட்டு, மூவர் இருந்தால் தொடங்கிவிடுவோம் என்பதை அப்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வராதவரின் கதாபாத்திரம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒவ்வோர் அமர்வும் ஊருக்கோ முகாமுக்கோ திரும்பி வருவதுடன் முடியுமாறு அமைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஆட்ட வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் தம்முடைய 'வெஸ்ட் மார்ச்சஸ்' ஆட்டத்தை இப்படித்தான் நடத்தினார்: நிலையான நாளும் இல்லை, நிலையான குழுவும் இல்லை, எப்போது, எவரோடு, எத்திசையில் போவது என்பதை ஆட்டக்காரர்களே கூடிப் பேசித் தீர்மானித்தார்கள், புறப்பட்ட ஊருக்கே திரும்பினார்கள். அவருடைய முறை முழுவதும் உங்களுக்கு வேண்டியதில்லை. ஊர் திரும்பும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அமர்வை ஆறு மணிநேரத்துக்கு நீட்டாதீர்கள். ஏழு மணியிலிருந்து பத்து வரை, மூன்று மணிநேரம். அதுவும் ஆறு அமர்வுகளுக்கு மட்டும். "பழையபடி ஆண்டுக்கணக்கில் ஆடுவோம்" என்று அழைத்தால் தயங்குகிறவர், "ஆறு மாலைகள் தாருங்கள், ஆறாவதில் கதை முடியும்" என்றால் சரி என்பார். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் நான் கூட்டிய முதல் குழுவுக்கு முடிவு நாள் என்று ஒன்றை வைக்கவில்லை. நான்காம் அமர்வோடு நின்றுபோயிற்று. அடுத்த குழுவை ஆறு ஆறாக எண்ணித் தொடங்கினேன். இப்போது நான்காம் சுற்று நடக்கிறது.

ஒட்டாவா நண்பர் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நால்வர் மேசையிலும் ஒருவர் மடிக்கணினித் திரையிலுமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். மேசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது திரையில் இருப்பவருக்கு எதுவும் புரிவதில்லை. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறார். இரண்டாம் மணிநேரத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆகையால் ஓர் அமர்வை எல்லாரும் நேரிலும், அடுத்ததை எல்லாரும் ரோல்20 போன்ற இணைய ஆட்டத் தளத்திலுமாக மாற்றி மாற்றி வைப்பது நல்லது.


மூன்றாம் தடயம், லண்டன்

பதிப்பைப் பற்றி எழுதுகிறேன். புதியவர்கள் இருவர் இருப்பதால் ஐந்தாம் பதிப்பையே பரிந்துரைப்பேன். 3.5இல் முதல் நிலைக் கதாபாத்திரம் ஒன்றை உருவாக்கவே திறன்புள்ளிகளைப் பங்கிடுவதிலும் சிறப்பாற்றல்களைத் தேர்வதிலும் ஒரு மாலை போய்விடும். பழையவர்கள் அதை ரசிப்பார்கள், புதியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புத்தகம் வாங்க அவசரப்பட வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் வெளியீட்டாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். 2024இல் திருத்தப்பட்ட விதிகளுக்கும் அத்தகைய தொகுப்பு 2025இல் வந்தது. இரண்டும் இலவசம். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, மேசையில் இருப்பவர்கள் அனைவரும் ஒன்றையே வைத்திருக்கட்டும்.

3.5 பழகிய கை தவறக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். அங்கே எதிரியின் வீச்செல்லைக்குள் ஒரு கட்டத்தை விட்டு நகர்ந்தாலே பெரும்பாலும் அவனுக்கு ஓர் அடி அடிக்க வாய்ப்புக் கிடைக்கும். பக்கத்தில் நின்று மந்திரம் ஓதினாலும் கிடைக்கும். இங்கே அவனுடைய வீச்செல்லையை முற்றிலும் விட்டு வெளியேறும்போதுதான் அந்த வாய்ப்பு. அதுவும் சுற்றுக்கு ஒன்றே. வீழ்ந்தவரின் உயிர்ப்புள்ளியை மைனஸ் பத்து வரை எண்ணும் வழக்கமும் இல்லை. பூச்சியத்தில் கிடப்பவர் தம் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. மூன்று வெற்றிகள் முந்தினால் நிலைபெறுவார், மூன்று தோல்விகள் முந்தினால் இறப்பார். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று கூட்டிக் கழித்த சின்னச் சின்ன எண்கள் பலவற்றுக்கும் பதிலாகச் சாதகம், பாதகம் என்ற இரண்டே நிலைகள் வந்துவிட்டன: இரண்டு பகடைகளை உருட்டிச் சாதகத்தில் உயர்ந்ததையும் பாதகத்தில் தாழ்ந்ததையும் எடுத்துக்கொள்கிறோம். பதினொன்று தேவைப்படும் இடத்தில் வழக்கமான வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றால், சாதகத்தில் 75, பாதகத்தில் 25.

உங்களை மிகவும் தடுமாறவைக்கப்போவது ஒருமுகக் கவனம் என்ற விதி. நம் காலத்தில் உயர்நிலைக் குழு ஒன்று கதவைத் திறக்கும் முன் ஏழெட்டுக் காப்பு மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும். அவற்றின் கணக்குக்கே தனித் தாள் ஒன்று வேண்டியிருந்தது. இப்போது அவ்வகை மந்திரங்களில் பெரும்பாலானவை ஏவியவரின் கவனத்தால் மட்டுமே நிற்கின்றன. ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். அடிபட்டால் உடல்வலுச் சோதனையில் தேற வேண்டும். இலக்கு பத்து, அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. தேறாவிட்டால் மந்திரம் கலையும். இந்த ஒரு விதியால் சண்டையின் தோற்றமே மாறிவிடுகிறது: மந்திரம் பிடித்து நிற்பவரை நோக்கி எதிரிகள் பாய்கிறார்கள், மற்றவர்கள் குறுக்கே நிற்கிறார்கள். முதல் அமர்வுக்கு முன் இதை மட்டுமாவது இரண்டு முறை படித்துவிடுங்கள்.

எந்தப் பதிப்பை நடத்தினாலும் நான் விடாமல் கைக்கொள்ளும் பழைய விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படைத் தொகுப்பில், அறிமுகமில்லாத உயிர்களைச் சந்திக்கும்போது நடத்துநர் ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டிப் பார்ப்பார். இரண்டு விழுந்தால் உடனே தாக்கும். பன்னிரண்டு விழுந்தால் நட்போடு வரும். ஆறு முதல் எட்டு வரை, அதாவது 36இல் 16 முறை, என்ன செய்வதென்று அந்த உயிருக்கே தெரியாது. அந்தத் தயக்கத்தில்தான் பேச்சு பிறக்கிறது. மூன்று மணிநேர அமர்வில் எல்லாச் சந்திப்பும் சண்டையாக முடிந்தால் கதைக்கு நேரம் எஞ்சாது.


வெண்பகடை, ஸ்காபரோ

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு அமர்வு, மூவர் இருந்தால் ஆட்டம், ஐந்தாம் பதிப்பு: மூன்றையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் கதை பற்றிய கேள்வி தீரவில்லை. பழைய நண்பர்கள் மூவரும் அந்தக் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். மருமகளோ, தான் பார்த்திராத கதையின் நடுவில் வந்து நிற்க விரும்பவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: ஆட்டத்தை முன்புபோல் தமிழிலேயே நடத்த ஆசைப்படுகிறேன். அவளுக்குத் தமிழ் முழுவதும் விளங்கும். ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள்.


தாமரைக்குளம், சிங்கப்பூர்

அக்கா, கதவைத் திறக்க ஒரே ஒரு மாலையைத் தனியாக ஒதுக்குங்கள். பழையவர்கள் மூவர் மட்டும், அதே 3.5 தாள்கள், அதே பென்சில். வர இயலாத பழைய ஆட்டக்காரர்கள் இருவரையும் தொலைபேசியில் அழைத்து, "கதவு திறக்கும்போது உன் ஆள் என்ன செய்வான்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை அப்படியே மேசையில் வாசியுங்கள். அன்றோடு அந்தக் கதை முடியட்டும். பிறகு ஆறு அமர்வுக் கதையை அதே உலகில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, எல்லாரும் முதல் நிலைக் கதாபாத்திரங்களாகத் தொடங்குங்கள். அந்த மாலையில் பழையவர்கள் எடுத்த முடிவு ஒன்று, புதிய கதாபாத்திரங்கள் வாழும் ஊரின் அன்றாடத்தை மாற்றியிருக்க வேண்டும். உங்கள் மருமகள் யாருடைய கதைக்கும் நடுவில் வந்து நிற்கப்போவதில்லை. அந்தப் பின்விளைவு அவளுடைய கதையின் தொடக்கமாகிவிடும். முற்றிலும் புதிய உலகில் தொடங்குவதே எளிது என்று சொல்பவர்கள் உண்டு. எட்டு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த ஊர்ப்பெயர்களையும் மனிதர்களையும் வீணாக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணிநேர ஆயத்தம் தாராளமாகப் போதும். ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். உங்கள் இருபது பக்கங்களில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும். அமர்வு எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள். அவர்கள் போகக்கூடிய மூன்று இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் கண்ணில் படுவது ஒன்று, மூக்கில் படுவது ஒன்று. அங்கே இருக்கக்கூடிய மூன்று மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் இன்று மாலைக்குள் நடந்தாக வேண்டிய காரியம் ஒன்று. உப்பு வியாபாரி ஒருவர் இருட்டுவதற்குள் ஒரு கழுதையை விற்றாக வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்திருந்தேன். வேறு ஆயத்தம் இல்லாமல் அந்தக் கழுதையைச் சுற்றியே ஒன்றரை மணிநேரம் ஓடியது. அத்துடன், அன்று வெளிப்படக்கூடிய உண்மைகள் பத்தை ஒவ்வொரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அவை எங்கே, யார் வாயிலாகக் கிடைக்கும் என்று முடிவு செய்யாதீர்கள். அவர்கள் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எவரிடம் பேசினாலும், அங்கே பொருந்துவதை எடுத்துக் கொடுங்கள். அவர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய உண்மை என்றால் அதற்கு மூன்று தடயங்களாவது வேண்டும். ஒன்றைக் காணாமல் போவார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

பதினேழு வயதுப் பிள்ளையும் நடுவயதினரும் ஒரே மேசையில் அமர்வதால், ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் பேசியாக வேண்டும். எவையெல்லாம் கதையில் வரவே கூடாது, எவை வந்தால் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். முதலில் நீங்களே இரண்டைச் சொன்னால் மற்றவர்கள் கூச்சமின்றிச் சொல்வார்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டையையும் மேசை நடுவில் வையுங்கள்: எக்ஸ் என்று எழுதிய ஒரு சாதாரண அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சியை மாற்றிவிட்டுத் தொடர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. போர்க்காலத்தைக் கண்டவர்கள் உங்கள் மேசையில் இருந்தால், எரியும் ஊரையும் காணாமற்போன பிள்ளையையும் விவரிப்பதற்கு முன் இதை இருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.


வாய்மொழி, மொன்றியல்

அக்கா, மொழி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேசையிலும் இளையவர்கள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். அவர்களைத் திருத்துவதில்லை. ஊர்மக்கள் தமிழில் பேசுவார்கள், நான் தமிழில் விவரிப்பேன், அவர்கள் எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். விதிகளுக்கான சொற்களை எல்லாரும் அறிந்த ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறோம்.

தமிழில் நடத்துவதால் கிடைக்கும் வசதி ஒன்றை இங்கே பலரும் கவனித்ததில்லை. கதைமாந்தர் ஒருவர் வாயைத் திறந்து முதல் சொல் சொன்னவுடன் அவருடைய நிலை தெரிந்துவிடுகிறது. படகோட்டி ஒருவர் குழுவில் மூவரை "நீங்கள்" என்றும், நான்காமவரை மட்டும் "நீர்" என்றும் அழைத்தால், ஏன் என்று அந்த நான்காமவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். வேறு வருணனை எதுவும் தேவையில்லை. ஆனால் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநராகக் கேட்கும்போது ஒருவரைக் கேட்கிறீர்களா, குழுவையா என்பது விளங்காது; கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

"நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடும் அப்படித்தான். யாழ்ப்பாணப் பேச்சில் பெரும்பாலும் "நாங்கள்" என்பதே இரண்டுக்கும் வந்துவிடுகிறது. அதனால் எங்கள் பிள்ளைகள் அந்த வேறுபாட்டை அறியாமலே வளர்கிறார்கள். ஆட்டத்தில் வழிகாட்டி ஒருவரை வேண்டுமென்றே வேறுபடுத்திப் பேசவைத்தேன். இரண்டு அமர்வுகள் "நாம் ஆற்றைக் கடப்போம், நாம் தங்குவோம்" என்று பேசிவந்தவர், கணவாய்க்கு அருகில் வந்ததும் "நாங்கள் இரவில் தீ மூட்டுவதில்லை" என்றார். அந்த "நாங்கள்" யார் என்று கேட்ட பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியாது. வழிகாட்டி கொள்ளையர்களின் ஆள் என்பதைக் குழு அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிட்டது.


வெண்பகடை, ஸ்காபரோ

இரண்டு மாலைகளும் நடந்து முடிந்தன. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதவு திறந்த மாலையில் மூவரும் வந்தார்கள். ஒட்டாவா நண்பரும் வண்டியோட்டிக்கொண்டு வந்தார். வர இயலாத இருவரில் ஒருவர் தொலைபேசியில், "என் ஆள் கடைசியாகத்தான் நுழைவான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பான்" என்றார். அதை வாசித்தபோது மேசையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எட்டு ஆண்டுகளும் அவர் அப்படித்தான் ஆடினார். கதவுக்குப் பின்னால் தண்ணீருக்குள்ளேயே எரியும் விளக்கு ஒன்று இருந்தது. எடுப்பதா, விடுவதா என்று முக்கால் மணிநேரம் வாதிட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இரண்டாம் மாலையில் தொடங்கிய புதிய கதையில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் கோயில் மூழ்கியிருந்த ஏரி வற்றிக் கிடக்கிறது. மருமகளின் கதாபாத்திரம் அந்தக் கரையில் பிறந்த வலைகாரப் பெண். வலையை விரிக்க நீர் இல்லாத ஊரில் வளர்ந்தவள். விளக்கை எடுத்துச் சென்றவர்களை அவள் ஊர் என்ன பெயர் சொல்லித் திட்டும் என்று அவளே ஒரு சொல்லைத் தமிழில் உருவாக்கினாள்: ஏரிதின்னிகள். எதிரில் அமர்ந்திருந்த பழைய நண்பர்கள் இருவரும் தலைகுனிந்து அதைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பகடைகளை உருட்டும் பழைய விதியையும் பயன்படுத்தினேன். சேற்றில் கிடந்த முதலைக்கு ஏழு விழுந்தது. அது அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்க, புதியவரான தோழியின் கணவர் கால் மணிநேரம் அதனுடன் பேச முயன்றார். பத்து மணிக்கு ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஒருமுகக் கவன விதியை இரண்டு முறை மறந்தேன். இரண்டு முறையும் மருமகள்தான் நினைவூட்டினாள். அடுத்த அமர்வு நவம்பர் 22, இணையத்தில். இரவுப் பணி இருப்பதால் ஒருவர் வரமாட்டார். மற்ற நால்வரும் வருகிறார்கள்.